முதலைக்கு எந்தப் பக்கம் இடது?

பிள்ளைகளை முதலையிடமிருந்து காப்பாற்ற விரும்பும் அரசாங்கம், முன்னதாகத் தனக்கென்று ஒரு முதலையைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர நீர்க்கரை எச்சரிக்கை அலுவலகம் நெடிய ஆலோசனைக்குப் பின் இம்முடிவுக்கு வந்து, பணியை என்னிடம் ஒப்படைத்தது. மூன்று நிமிட அனிமேஷன் படம். படகுத்துறைச் சரிவில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் அதைப் பார்த்தால், மறுபடி அந்தப் பக்கம் போகக் கூடாது. முதல் மழைக்குள் பள்ளிக்கூடங்களில் ஓட்டியாக வேண்டும். மழை இறங்கி ஆறு ஏறிவிட்டால் முதலையும் சரிவுக்கு வந்துவிடும். அப்புறம் படம் காட்டி என்ன, காட்டாமல் என்ன?

என் பெயர் ஸ்டெலியோஸ். படித்த பள்ளிக்கூடம் மீன் சந்தை. நேற்றைய பாரமுண்டி மீனை இன்றைய விலைக்கு விற்றும், விற்றதற்காக உதை வாங்கியும் முன்னுக்கு வந்தவன். இப்போது டயர் கடைக்குப் பின்னால் ஐந்து நாற்காலி போட்டு அனிமேஷன் கம்பெனி நடத்துகிறேன். பேரத்தில் நான் யாரிடமும் தோற்றதில்லை. இதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவும்.

முதலையைச் செய்தவள் லுஸ்விமிண்டா. அவள் தாத்தா பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர். நாங்கள் லுஸ் என்போம். கணினிக்குள் முதலைக்கு எலும்பு வைத்து, எலும்பை அசைப்பதற்குத் திரை ஓரத்தில் ஒரு பலகை வரைந்தாள். அதில் அறுபத்துநாலு கைப்பிடிகள். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் சிவப்பு, வாய்க்கு மஞ்சள். மஞ்சளை இழுத்தால் வாய் பிளக்கும். முதல்தடவை பார்த்தபோது நானே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

பிற்பாடு அலுவலகமே முதலையை அசைத்து அறிவிப்புகள் தயாரிக்குமாம். ஆகவே பலகைக்கு எளிமைச் சான்றிதழ் தேவை. முன்பின் பழகாத ஒரு பயனாளி, எவர் உதவியுமின்றி, முப்பது நொடிக்குள் முதலையை அசைத்துக் காட்ட வேண்டும் என்பது விதி. சான்றிதழ் இல்லாமல் படம் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாது.

சோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மூத்த அதிகாரி டன்ஸ்டன். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. மற்றவர் பெவர்லி, மெல்பர்னிலிருந்து வரவழைக்கப்பட்ட எளிமை ஆலோசகர்.

திரையில் முதலை எங்களைப் பார்த்து நின்றது. டன்ஸ்டன் நீலத்தை இழுத்தார். ஒரு கால் அசைந்தது.

"தப்பு. நான் இடது கேட்டேன், வலது போகுது."

"அது முதலையோட இடதுங்க. நம்மளப் பாத்து நிக்குதுல்ல," என்றாள் லுஸ்.

"பாக்குறவன் நான். எனக்கு எது இடதோ, அதான் இடது."

பெவர்லி கண்ணாடியைக் கழற்றினார். "டன்ஸ்டன், முதலையோட கண்ணோட்டத்தையும் நாம மதிக்கணும். மெல்பர்ன்ல இப்ப எல்லாரும் அப்படித்தான்."

"ஏன், முதலை எனக்கு மேலதிகாரியா?"

இரண்டு வாரம் குறிப்புக்கு மேல் குறிப்பு போனது. கடைசியில், இரு தரப்பு உணர்வும் புண்படாவண்ணம், இடதும் வலதும் ஒரே சமயத்தில் அசைய வேண்டும் எனத் தீர்மானம் ஆயிற்று. அசைத்தோம். முதலை குதித்தது.

"பாஸ், உலகத்துல எந்த முதலையும் இப்படிக் கங்காரு மாதிரி குதிக்காது."

"தெரியும்மா. குதிச்சுட்டுப் போகட்டும். வாயக் காப்பாத்துவோம். மழைக்கு ஆறு வாரந்தான் இருக்கு."

அடுத்த சோதனையில் அலுவலகத் தட்டச்சுப் பெண் ஒருத்தி மஞ்சளை இழுத்தாள். வாய் பிளந்தது. அவள் காப்பி டன்ஸ்டனின் காலுறையில் கொட்டியது.

"பயனாளிக்கு அதிர்ச்சி," என்று எழுதிக்கொண்டார் பெவர்லி.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "பயமுறுத்தத்தானய்யா முதலையே செஞ்சோம்!"

"பிள்ளைங்கள பயமுறுத்தலாம், ஸ்டெலியோஸ். பயனாளிய பயமுறுத்தக் கூடாது."

மூன்று மணி நேரம் பேரம் பேசினேன். மேசையைத் தட்டினேன், எழுந்து போகிற மாதிரி இரண்டு தடவை எழுந்தேன். அவர்கள் இறங்கி வந்தார்கள். வெற்றியோடு கம்பெனிக்குத் திரும்பினேன்.

"என்ன பாஸ், என்ன கெடச்சுது?"

"ஒரு பொத்தான்."

"நம்மகிட்ட அறுபத்துநாலு இருந்துச்சே."

"வாயக் குடுத்துட்டேன். வாலும் போச்சு. ஆனா பொத்தான் பெருசு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மீனக் குடுத்துட்டு செதிலோட வந்திருக்கீங்க."

பச்சையாக, தட்டளவு பொத்தான். தொட்டால் முதலை, வாயை இறுக மூடிக்கொண்டு, ஒருமுறை குதிக்கும். இதையும் ஒன்பது பேர் சோதித்தார்கள். ஒன்பது பேரும் தோற்றார்கள். ஒருவர் தொட வேண்டுமா, அழுத்த வேண்டுமா என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். இன்னொருவர் விடுப்பில் போனார். டன்ஸ்டன் தாமே விரலை நீட்டி, இருபத்தொன்பதாவது நொடியில், "இத அழுத்த எனக்கு அதிகாரம் இருக்கா?" என்று விரலை மடக்கிக்கொண்டார்.

அறைக்குள் காற்றோட்டம் போதாததால்தான் இத்தோல்வி எனக் கண்டறிந்த பெவர்லி, களத்திலேயே சோதிக்கப் பரிந்துரைத்தார். படகுத்துறைச் சரிவின் மேட்டில் பெரிய திரை கட்டினார்கள். தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் நூறு பேர். வானத்தின் ஓரத்தில் மேகம் கறுத்திருந்தது. பிள்ளைகளை லுஸ் கத்திக் கத்தி மேட்டிலேயே நிறுத்தினாள். டன்ஸ்டனைப் பார்த்து யார் கத்துவது? மேட்டு வெயிலில் கண் கூசுகிறது என்று, பொத்தான் இருந்த கைத்திரையோடு தண்ணீர் ஓரத்துக்கே இறங்கிப் போனார்.

"சோதனை தொடங்குகிறது," என்று கடிகாரத்தைத் தட்டினார் பெவர்லி.

டன்ஸ்டன் பொத்தானைப் பார்த்தார். பொத்தான் அவரைப் பார்த்தது. அவருக்குப் பின்னால் தண்ணீர் எழுந்து நின்றது.

உண்மையான முதலை, வாயைப் பிளந்தபடி. எங்களிடம் அனுமதி கிடைக்காத அதே வாய்.

லுஸ் பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். ஆள் வந்தார், கைத்திரை வரவில்லை. வாய் அதன்மேல் மூடிக்கொண்டது. மேட்டில் பெரிய திரையில் எங்கள் முதலை அழகாக ஒருமுறை குதித்தது.

நூறு பிள்ளைகளும் அலறிக்கொண்டு நெடுஞ்சாலை வரை ஓடினார்கள். ஆசிரியர்கள் படம் பிடித்துக்கொண்டே ஓடினார்கள். என்னைத் தாண்டி ஓடிய பெவர்லி, ஓட்டத்திலேயே கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினோரு நொடி!"

திங்கட்கிழமை சான்றிதழ் வந்தது. 'முன்பயிற்சி அறவே பெறாத பயனாளி ஒருவர், பிறர் உதவியின்றி, பதினோரு நொடியில், முதல் கடியிலேயே பலகையை இயக்கியமை உறுதி செய்யப்படுகிறது.' நான் டன்ஸ்டனுக்குப் போன் போட்டுச் சிரித்தேன்.

"சிரிக்க என்ன இருக்கு? விதியில பயனாளின்னுதான் இருக்கு. மனுஷன்னு எங்க இருக்கு?"

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன். வருகிற வாடிக்கையாளர்களிடம் பெருமையாகவும் காட்டுகிறேன். படத்தை மட்டும் எந்தப் பள்ளிக்கூடமும் கேட்கவில்லை. ஆசிரியர்கள் போனில் எடுத்தது அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

மழையும் வந்துவிட்டது. ஆறு சரிவின் பாதிவரை ஏறி நிற்கிறது. ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் போவதில்லை. போகிறவர்கள் மூன்றே பேர்: டன்ஸ்டன், பெவர்லி, நான். சான்றிதழின் பின்பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பயனாளியின் கருத்தை முப்பது நாளுக்குள் நேரில் கேட்டுப் படிவத்தில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்துக்குப் பதில் பல்தடம் போதும் என்கிற சலுகையை, பேரம் பேசி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.