பிரசிடெண்டின் ரத்த அழுத்தம் களவு போன விதம்

வைத்திய சாஸ்திரத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் எல்லாம் சீமையில்தான் நடந்தன என்று சொல்வார்கள். சொல்லட்டும். அவற்றில் தலையாயது 1941-ஆம் வருஷம் கடத்தூரில், புளி வியாபாரிகள் அபிவிருத்தி சபையில் நிகழ்ந்தது. சபையின் காரியதரிசி நான், கண்கண்ட சாட்சி.

ஒரு நாள் எங்கள் பிரசிடெண்ட் ஸ்ரீமான் கிருஷ்ணப்பனுக்குத் தலை சுற்றியது. தலைவருக்கே தலை சுற்றினால் சபை சும்மா இருக்குமா? பொம்மிடியிலிருந்து டாக்டர் அப்துல் கனி வரவழைக்கப்பட்டார். பிரசிடெண்டின் புஜத்தில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினார். பாதரசம் விறுவிறுவென்று ஏறியது.

"பிளட் பிரஷருங்க. ரத்தக் கொதிப்பு."

பிரசிடெண்டின் முகத்தில் பெருமிதம். "பெரிய பெரிய துரைங்களுக்கெல்லாம் வர்றதுதானே டாக்டர்?"

அங்கேதான் விபரீதம்! விசிறி வீசிக்கொண்டிருந்த பியூன் சென்றாயன் தள்ளாடுவதை டாக்டர் பார்த்துவிட்டார். அவன் கையிலும் பட்டையைச் சுற்றினார். பாதரசம் கொஞ்சமும் மரியாதை இல்லாமல் அதே இடத்தில் போய் நின்றது.

"என்ன அக்கிரமம்! எனக்கு வந்த வியாதி பியூனுக்கு வரலாமா?"

"வியாதிக்கு கிரேடு தெரியாதுங்களே" என்றார் டாக்டர். "ரெண்டு பேரும் தினம் நடங்க. பக்கத்துல வர்றவங்ககிட்டப் பேசிக்கிட்டே நடக்கிற வேகம்தான். மூச்சு வாங்குச்சுன்னா நின்னுடணும். ஓட்டம் கூடவே கூடாது. ஓடினா பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்தாயிடும்."

அவர் போனதும் 'அவசரக் கூட்டம்' கூடியது.

"எழுதறதுக்குக் குமாஸ்தா. கையெழுத்துக்கு ரப்பர் ஸ்டாம்பு. நடக்க மட்டும் நானே நடக்கணுமாய்யா?" என்று பிரசிடெண்ட் கர்ஜித்தார்.

நியாயமான கேள்வி. முன்மாதிரியை நான் எடுத்துக் கொடுத்தேன்: போன வருஷம் பிரசிடெண்ட் நேர்ந்துகொண்ட மொட்டையைச் சென்றாயன் தலையில்தானே இறக்கினோம்? சாமி ஒரு ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லையே! எனவே பிரசிடெண்டின் தேகாப்பியாசத்தையும் 'பதிலாள்' சென்றாயனே செய்வதென்று தீர்மானமாயிற்று. வேகம்? ஊர்ந்து நடப்பது பியூனுக்குச் சரி. பிரசிடெண்ட் பதவிக்கு அது இழுக்கு. ஆகவே ஓட்டம். அதுவும் தீர்த்தமலை மேல். ஓட மறுத்தால் வேலை நீக்கம்.

மறுநாள் சென்றாயனின் மனைவி முனியாயி என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஓடினா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரு சொன்னாராமே?"

"கவலைப்படாதேம்மா. ஓடுறது உன் புருஷன் இல்லை. சட்டப்படி பிரசிடெண்ட்."

"அப்போ அவரு செத்தா, தாலியைச் சட்டப்படி உங்க பிரசிடெண்டு வூட்டம்மா கழட்டுவாங்களா?"

அந்தக் கேள்வி 'ஒழுங்குக்கு விரோதம்' என்று தள்ளுபடி செய்தேன்.

தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு மாதம் முகாம். பிரசிடெண்ட் குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஓடுறா சென்றாயா! என் உடம்புடா அது, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். உப்புக்கண்டமும் ஊறுகாயும் வந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் அவர் பதிலாள் வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிரமத்தைத் தாமே ஏற்றார். என்ன தியாகம்!

சென்றாயன் எங்கள் கண்ணெதிரே பாய்ந்து ஓடுவான். முதல் திருப்பத்தில் பாறைக்குப் பின்னால் மறைவான். அப்புறம்? அங்கே முனியாயி காத்திருப்பாள்!

"நில்லு மாமா. மூச்சு வுடு. அந்தாளு கத்துறது கத்தட்டும். வா, பேசிக்கிட்டே போலாம்."

இந்தச் சதி அப்போது எங்களுக்குத் தெரியாது.

மாதம் முடிந்தது. டாக்டர் மறுபடி பட்டையைச் சுற்றினார். பிரசிடெண்டுக்குப் பாதரசம் முன்னைவிட ஏறியிருந்தது. சென்றாயனுக்கோ, அழகாக இறங்கியிருந்தது!

பிரசிடெண்ட் மேஜையைக் குத்தினார்.

"எனக்கு எறங்க வேண்டியது இவனுக்கு எறங்கியிருக்குது! திருட்டுப் பயலே!"

உடனே குற்றப்பத்திரிகை வாசித்தேன்: 'சபைச் செலவில், பிரசிடெண்டின் பெயரில் செய்த தேகாப்பியாசத்தின் பலனைப் பியூன் சென்றாயன் தன் சொந்த உபயோகத்துக்குக் கையாடல் செய்தது.' கையாடியதை உடனே திருப்பித் தரவேண்டும். இல்லாவிட்டால் வேலையும் போய், போலீசும் வரும்.

"எப்படிங்க திருப்பித் தர்றது?" என்றான் சென்றாயன். "மறுபடி ஏத்திக்கணுங்களா?"

"அது உன் பாடுடா!"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முனியாயி முன்னால் வந்தாள்.

"இதுக்குப் போய் போலீசு எதுக்குங்க? இன்னும் ஒரு மாசம் இவரை உங்ககிட்டயே வேலைக்கு வெச்சுக்கங்க. அம்புட்டும் தன்னால ஏறிடும்."

டாக்டர் திரும்பி நின்று இருமினார். பிரசிடெண்டோ உருகிவிட்டார். "பாருய்யா, பொம்பளைன்னா இவதான்! எவ்வளவு நாணயம்!" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சென்றாயன் இப்போது ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வருகிறான். கையாடிய சொத்தை அவன் ரத்தத்திலிருந்தே சபை வட்டியோடு வசூலித்துக்கொண்டிருக்கிறது.