ஜோர்பன் தலைக்குள் இருந்த பெயர்

ஆக்டன், லண்டன்
திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மேபல் அக்காவுக்கு, தம்பி வில்ஃப் எழுதிக்கொள்வது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் இரத்தக் கொதிப்பு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உன் பழைய சிநேகிதி டோரிஸோடு இன்னும் பேச்சில்லையா? ஒரே முதியோர் இல்லத்தில் எதிரெதிர் அறையில் இருந்துகொண்டு, கிறிஸ்துமஸ் புட்டிங் அவிக்கிற அலுமினியச் சட்டியை அவள் திருடிவிட்டாள் என்று அறுபது வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொள்வது உன்னால்தான் முடியும். அது கிடக்கட்டும்.

அக்கா, நான் ஜெயிச்சுட்டேன்!

நேத்து 'ஒன்பதாம் நிலவு' டிவி தொடருக்கு அறுபதாம் ஆண்டு விழா. அதுல வர்ற வேற்றுக்கிரகவாசி ஜோர்பனோட வெள்ளித் தலையைச் செஞ்சது நான்தான்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேற யாருக்குத் தெரியும்? டைட்டில்ல எங்க மேலாளர் பாம்ஃப்ரே பேர்தான் வரும். அந்த மனுஷன் செஞ்சதெல்லாம் பென்சிலைக் காதுல சொருகிட்டு நின்னதுதான். என் பேர் ஒரு தடவையாவது வரணும்னு தவம் கிடந்தேன். பழைய பதிவைக் காட்டி நிரூபிக்கலாம்னா, அந்த நாடாவையெல்லாம் அழிச்சு அதுமேல குதிரைப் பந்தயம் பிடிச்சு வெச்சிருக்காங்க புண்ணியவான்கள். விழாவுக்கு அழைப்பும் இல்லை. டிக்கெட் வாங்கிட்டுப் போய், மூஞ்சியில பச்சைச் சாயம் பூசின ரெண்டு ரசிகர்களுக்கு நடுவுல கடைசி வரிசையில உக்காந்தேன். வெள்ளைக் கையுறை போட்ட பொண்ணு ஒருத்தி, பச்சைக் குழந்தையைத் தூக்குற மாதிரி தலையைத் தூக்கிட்டு வந்து, "இதை உருவாக்கினவர் அமரர் பாம்ஃப்ரே"ன்னா பாரு, எனக்கு வந்ததே ஆத்திரம்! எழுந்து நின்னு, "பொய்! தகடு தகடா என் கையால வளைச்சது! அடுத்தவங்க பொருள் குண்டூசி அளவுகூட அதுல கிடையாது! உள்ளே என் பேர் எழுதியிருக்கேன், கவுத்துப் பாரும்மா!"ன்னு கத்தினேன். பக்கத்துப் பச்சை மூஞ்சி, "தாத்தா, உக்காருங்க, டீ வாங்கித் தரேன்"ங்கிறான். "டீயை உன் தலையில ஊத்திக்கோ"ன்னேன்.

அந்தப் பொண்ணு டார்ச் அடிச்சு உள்ளே எட்டிப் பார்த்தா. "உங்க பேர் என்ன சார்?" "பிக்கர்டைக்!" "ஐயோ, பிக்கர்டைக்னுதான் போட்டிருக்கு!"ன்னு அவ கூவ, எண்ணூறு பேர் எழுந்து கை தட்டினாங்கக்கா! பச்சை மூஞ்சி என் தோள்ல சாஞ்சு அழுததுல கோட்டெல்லாம் பச்சை. தயாரிப்பாளர் மேடையிலயே, "உள்ளே இருக்கிற பேரை அப்படியே சனிக்கிழமை சிறப்பு நிகழ்ச்சியில போடுறோம்"னு வாக்குக் கொடுத்துட்டார். நான் அழலைன்னு சொன்னா அது பொய். ஏழு மணிக்கு இல்லத்துல எல்லாரையும் டிவி முன்னாடி உக்கார வை.

உன் ஆயுளும் மிச்சமிருக்கிற பற்களும் நீடிக்க ஆண்டவனை வேண்டும்,
தம்பி வில்ஃப்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், தயாரிப்பாளர் ஆபீஸ்ல இருந்து போன். என் பென்சில் எழுத்து சுத்தமா அழிஞ்சுபோச்சாம். சிவப்பு நகப்பூச்சுல 'எம். பிக்கர்டைக்'னுதான் இருக்காம், எம் யாருன்னு கேட்டாங்க. சர்ச் விருந்துல பாத்திரம் மாறிடக் கூடாதுன்னு சட்டிக்கு உள்விளிம்புல பேர் எழுதி வைப்பியே, அதுதான். மறுநாள் ஷூட்டிங்னு பாம்ஃப்ரே உயிரை எடுத்தார், உன் சமையலறையில அந்தப் புட்டிங் சட்டி கண்ணுல பட்டுது, கவுத்துத் தலையாக்கிட்டேன். எங்க அக்கான்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை உன் பேர்தான் வருது. அதுக்குள்ள டோரிஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு.