இடுப்பு மாற்று ஆயத்தக் குழு

அறுவை சிகிச்சையைச் சந்திக்காத குடும்பம் உலகில் இல்லை. ஆனால் அதை ஒரு நிர்வாகப் பணியாக உயர்த்திய பெருமை எங்கள் குடும்பத்துக்கே உரியது.

என் மனைவியின் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன அன்றே 'ஆயத்தக் குழு' அமைத்துவிட்டேன். அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அனுபவத்தை வீணாக்கலாமா? தலைவர் நான். தொழில்நுட்பம் எங்கள் மகன். 'களப்பணி' அவளுடைய தம்பி, அதாவது என் மைத்துனர். அவர் களத்துக்கு வருவது எப்போதும் சாப்பாட்டு வேளையாக அமைந்தது தற்செயல். மனைவியைக் குழுவில் சேர்க்கவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது எங்கள் கொள்கை.

டாக்டரம்மா அதிகம் கேட்கவில்லை. ஆபரேஷன் வரை அவள் ஓய்வாக இருக்க வேண்டும். பிறகு குனியக்கூடாது, தாழ்வாக உட்காரக்கூடாது; அதற்கேற்ப வீட்டை மாற்ற வேண்டும். சமையலை வேறு யாராவது பழகிக்கொள்ள வேண்டும். கடைசி அம்சம் ஆழ்ந்த பரிசீலனைக்கு உரியது என்பதால் ஒத்திவைத்தோம்.

மற்றவற்றில் இடுப்பொடிய உழைத்தோம். குளியலறைக் கைப்பிடி எந்த உயரத்தில் வரவேண்டும் என்று மகனும் மைத்துனரும் வாதாடி முடிக்கும்வரை, அளவுக்காக அவள் ஈரத்தரையில் நின்று ஒத்துழைத்தாள். அவளுக்கென்று உயரமான நாற்காலி வந்தது. உறுதியைச் சோதிக்க தினமும் அதில் நானே உட்கார்ந்தேன். பேப்பர் படிக்கவும் தோதாக இருந்தது. அடித்தட்டுப் பாத்திரங்களை மேலே மாற்றும் பணி அவளிடமே விடப்பட்டது. எது எங்கே இருக்கிறது என்று குழுவில் யாருக்குத் தெரியும்?

சோபா தாழ்வாக இருக்கிறது என்று தீர்மானித்து, அதை நடைவழிக்குத் தள்ளிய கையோடு ஒரு கூட்டம் போட்டோம். எங்களுக்கு டீ கொண்டுவந்தவள் அதன் முனையில் காலை இடித்துக்கொண்டாள். தோல் கிழிந்தது, டீ சிந்தவில்லை. அக்காவின் நிதானத்தை மைத்துனர் வெகுவாகப் பாராட்டினார். காயத்துக்கு அவளே கட்டுப் போட்டுக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் டாக்டரம்மா அந்தக் கட்டை அவிழ்த்தார். சீழ் வைத்திருந்தது. இது ஆறாமல் மூட்டில் கை வைக்க முடியாது, கிருமி உள்ளே போய்விடும் என்று தேதியைத் தள்ளிவைத்தார். எப்படி அடிபட்டது என்று விசாரித்தார். ஆயத்தப் பணியின்போது என்று விளக்கினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"ஓய்வா இருக்கச் சொன்னேனேம்மா. வீட்ல முடியலையா?" என்று அவளைக் கேட்டார்.

அவிழ்த்த கட்டுத் துணியை அவளே எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"எங்க பெரியக்கா வீட்டுக்குப் போறேன் டாக்டர்."

சொன்னபடி போனாள். காயம் ஆறியது. அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், ஆபரேஷன் நன்றாக முடிந்தது, மறுபடியும் அக்கா வீட்டுக்கே போய்விட்டாள். இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, குழுவின் சார்பில் பழங்களுடன் போய்ப் பார்த்தேன். உயரமாகத் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா டீ கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சூடாக டீ குடித்து நான் பார்த்ததில்லை.

எப்போது வருவதாக உத்தேசம் என்று கேட்டேன். வீடு முழுக்கத் தயாராக இருக்கிறது என்ற நற்செய்தியையும் தெரிவித்தேன்.

"வீடு தயார்தாங்க. ஆளுங்கதான் இன்னும் தயாராகல," என்றாள்.

நியாயமான குறைபாடு. அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டி, எங்களைத் தயார்படுத்த ஒரு துணைக்குழு அமைத்தோம். விஷயம் தெரிந்தவர் பொறுப்பேற்பதுதானே முறை? அவளையே ஒருமனதாகத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நாளைக்கே வந்து பதவியேற்கும்படி போனில் சொல்லிவிட்டேன். அழுக்குத் துணி நிறையச் சேர்ந்துவிட்டது.