விநாடி சாரும் கூடுதல் ஒரு விநாடியும்

மனிதரை முகம் பார்க்காமல் விரலை மட்டும் பார்த்து எடை போட்டவர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே விநாடி சார் ஒருவர்தான். சரவணம்பட்டியில் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் அவருக்கு ஒரே வேலை. திரையில் ஒன்றை விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்க எவ்வளவு நேரம் ஆகும், பேனாவால் வட்டமிட எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல ஃபார்முலா எழுதுவது. இதற்குச் சம்பளம் வேறு.

முதல் நாளே என் கையைப் பார்த்தார். "உங்க விரல் தடிமனுங்க. சின்னப் பெட்டியத் தொட நேரமாகுமுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதே வாய்தான் பிறகு என் நிச்சயதார்த்தத்தில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, "மோதிரம் போட ஒம்பது விநாடிங்க. மாப்பிள்ளை கை நடுங்குச்சுங்க" என்றது.

ஒரு பனியன் கம்பெனிக்கு டேப்லெட் செய்து கொடுத்தோம். திரையில் பக்கம் பக்கமாகத் துணியின் படம் வரும். ஓட்டை இருக்கும் இடத்தைச் செக்கிங் பெண்கள் பேனாவால் வட்டமிட வேண்டும். விநாடி சாரின் ஃபார்முலா சொன்ன நேரத்தையே அங்கிருந்த மேனேஜர் கெடுவாக வைத்துவிட்டார். தாண்டினால் செக்கிங்கிலிருந்து தூக்கி, குறைந்த கூலிக்கு மூட்டை கட்டப் போட்டுவிடுவாராம்.

செக்கிங்கில் இருந்த சரோஜாக்கா ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விநாடி தாண்டினார். விரலால் தொட்டால் சரியாக இருந்தது. பேனாவைக் கொடுத்தால் தாண்டியது. இத்தனைக்கும் ஒரு ஓட்டைகூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

"உங்க ஃபார்முலா தப்புன்னு எழுதிக் குடுங்க" என்று விநாடி சாரிடம் கத்தினேன்.

"ஃபார்முலா தப்பாதுங்க" என்றார். ஆனாலும் மறுநாள் போய் அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சண்டை போட நானும் போனேன்.

புதுப் பக்கம் வந்தது. அக்கா மேல் ஓரத்தில் குட்டியாக ஏதோ சுழித்துவிட்டுத்தான் வட்டத்துக்கே வந்தார்.

"அது என்னங்க அக்கா?" என்றார் விநாடி சார்.

"பிள்ளையார் சுழிங்க. பேனாவப் புடிச்சா அது போடாம எப்படிங்க?"

"ஒவ்வொரு பக்கத்துக்குமாங்க?"

"புதுப் பக்கமில்லீங்களா?"

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "அதப் போடவேண்டாம்னு சொல்லுங்க சார்."

விநாடி சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். "அக்கா மேல தப்பில்லீங்க. நாந்தான் பிள்ளையார உட்டுப்போட்டேனுங்க."

அங்கேயே உட்கார்ந்து ஃபார்முலாவில் ஒரு விநாடி சேர்த்தார். 'தொடக்கச் சுழி' என்று பெயரும் வைத்தார். கெடு மாறியது. அக்கா இடம் மாறவில்லை. எங்கள் மேலதிகாரி அந்த வரியை மூன்று தடவை நீக்கினார். மூன்று தடவையும் அது திரும்ப வந்து உட்கார்ந்தது.

அப்புறம் விநாடி சார் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எங்கே என்று தெரியாது. போன வாரம் கூரியர்காரர் டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். தடித்த விரலால் முதலில் ஒரு சுழி போட்டேன்.

"சீக்கிரமுங்க அக்கா."

"ஒரு விநாடி பொறுங்க" என்றேன். "அது கணக்குல இருக்குதுங்க."