குழாய் கேட்கப் போன கூட்டம்

அன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான். துரையிடம் போய், தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு இன்னொரு தண்ணீர்க் குழாய் கேட்பது.

அப்போது நான் மலாய் நாட்டில் பாச்சாங்கு ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பள்ளி வாத்தியார். நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய். தினமும் விடியுமுன் குடச் சண்டை. வரிசையில் என் மனைவியின் குடம் எப்போதும் கடைசி.

"பேருதான் வாத்தியாரு. ஒரு குடம் தண்ணிக்கு வக்கில்ல!" என்றாள்.

நானும் பெரிய கங்காணியும் மட்டும் போவதாக ஏற்பாடு. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். அவருக்கு மீசை இருந்தது. போதாதா?

காலையில் கங்காணி தங்கை புருஷனோடு வந்தார்.

"மாப்பிள்ளைய விட்டுட்டுப் போனா தங்கச்சி சண்டைக்கு வருவா, வாத்தியாரே."

மூன்று பேராகிவிட்டோம். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போவதா?

"ஐயோ, வெளங்காதுலா!" என்றார் கங்காணி. நாலாவதாகக் கோயில் பூசாரியைச் சேர்த்தோம்.

"மேல் லயத்துக்கு ஆள் இல்லையா?" என்று ஒரு குரல். ஒருவரைச் சேர்த்தோம். கீழ் லயத்தில் வீடு அதிகம் என்று அங்கே இரண்டு பேர். மேல் லயத்தார் முறைத்தார்கள். அங்கேயும் ஒன்று கூட்டினோம். எட்டு ஆகாது என்று ஒன்பதாவது ஆள். மற்றவர்கள் கேட்காமலே வந்தார்கள்.

பங்களா வாசலில் எண்ணினேன். பத்தொன்பது தலை! துரையின் நாய் ஒருமுறை குரைத்தது. பிறகு எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

துரை வெளியே வந்தார். ஏற்கெனவே வெள்ளை முகம், இன்னும் வெளுத்தது. வேலைநிறுத்தம் என்று நினைத்துவிட்டார்.

"என்ன வேணும்?" என்று மலாயில் கேட்டார்.

பெரியவர் இருக்கும்போது நான் முந்தலாமா? கங்காணியைப் பார்த்தேன். அவர் மரியாதைக்கு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பூசாரியைப் பார்த்தார். பூசாரி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க வாத்தியாரே" என்றார் கங்காணி.

"நீங்க இருக்கையில நானா?"

"அட, யாராவது சொல்லித் தொலைங்கய்யா!"

"பின்னாலருந்து தள்ளாதீங்கடா!"

தள்ளிய வேகத்தில் படியேறித் துரையின் மூக்குக்கு நேரே நின்றேன். இருந்த இங்கிலீஷில் மிஞ்சியது ஒரே வரி.

"குட் மார்னிங் சார். ஹவ் ஆர் யூ?"

துரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தின வாரம் அவர் காய்ச்சலில் கிடந்தாராம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"என் உடம்பை விசாரிக்கவா இத்தனை பேர்!" என்று நெகிழ்ந்துபோனார். துரைசானி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். ஆளுக்கொன்று. சலாம் போட்டுத் திரும்பினோம்.

வழியெல்லாம் பேச்சு!

"பளிச்சுனு கேட்டிருக்கணும்."

"ரெண்டு குழாயாவே கேட்டிருக்கலாம்லா!"

பூசாரி மட்டும் பேசவில்லை. வாயில் பிஸ்கட்.

அன்று ஒன்று தெரிந்துகொண்டேன்: கூட்டம் பெருத்தால் துரைக்குப் பயம் வரும், நமக்குப் பிஸ்கட் வரும், தண்ணீர் மட்டும் வராது.