துணிக்கடைக்கு வந்த சுரூபம்

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையும் நானும் இங்கே சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அதைவிடச் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உங்கள் தொண்டையில் இருந்த கட்டி கரைந்துபோய், கத்தி வைக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதற்குக் கோடி ஸ்தோத்திரம். போன ஞாயிறு உங்கள் பிரசங்கத்தை இங்கிருந்தே போனில் கேட்டோம். சிலைகளை உடைத்து நொறுக்குங்கள் என்று நீங்கள் முழங்கினபோது போனே அதிர்ந்தது. நான் ஆமென் போட்டேன். உங்கள் தங்கை ஆமென் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படியுங்கள்.

கடையில் துணி மாட்டுகிற பொம்மைகளில் பாதிக்குக் கை கழன்றுவிட்டது என்று, பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் மொத்தமாகச் சில பொம்மைகள் வாங்கினேன். சாக்கில் சுற்றி வந்து இறங்கின. ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வந்த விற்பனைப் பெண், ஒரு சாக்கைப் பிரித்ததும் "மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கத்தோலிக்கச் சபை, உங்களுக்குத் தெரியும். "பொம்மைங்களோட வந்தது பொம்மைதாம்மா" என்றேன். "பொம்மை இப்படி நிக்குமா சார்? இது மாதா சுரூபம். முக்காட்டைப் பாருங்க, கையைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். நம் கடைப் பொம்மைகள் எல்லாம் யாரோடோ சண்டைக்குப் போவது போல இடுப்பில் கை வைத்து நிற்பவை. இது மட்டும் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பில், கால்வரை அங்கியோடு, தலைகுனிந்து, நெஞ்சருகே கை சேர்த்து நின்றது. நான் உடனே, விக்கிரகம் கூடாது என்கிற இரண்டாம் கட்டளையை எடுத்துச் சொன்னேன். அவள் விடவில்லை. "நாங்க சுண்ணாம்பைக் கும்பிடல சார். பர்ஸ்ல இருக்கிற உங்க பொண்ணு போட்டோவை நேத்து தடவித் தடவிப் பாத்தீங்களே, காகிதத்தையா பாத்தீங்க?" என்றாள். போய்ச் சட்டை மடிக்கச் சொன்னேன். எனக்குப் பதில் வராதபோது நான் சட்டை மடிக்கச் சொல்வது வழக்கம்.

வியாபாரிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சரி, எடுக்கிறவரை இருக்கட்டும் என்று ட்ரயல் ரூம் பக்கத்தில் சுவரைப் பார்த்தாற்போல் நிறுத்தினேன். அன்றிலிருந்து கடையில் சத்தம் குறைந்துவிட்டது மச்சான். பேரம் பேசித் தொண்டை கிழிகிற அம்மாள் ஒருத்தி கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு மெல்ல நடந்து போனாள். வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று இருந்துவிட்டேன், கர்த்தர் மன்னிப்பாராக. பிறகு ஒரு நாள் ஷட்டரைத் தூக்கினால், தெருவைப் பார்த்து நிற்க வேண்டிய ஜன்னல் பொம்மைகள் எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டி, சுரூபம் இருக்கிற பக்கம் பார்த்து நிற்கின்றன. வாசலிலிருந்து பார்க்க, ஆராதனைக்குத் தாமதமாக வந்து சபையைப் பின்னாலிருந்து பார்ப்பது போலவே இருந்தது. சுவரைப் பார்த்து வைத்த சுரூபமும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. "யாரும்மா திருப்பினது?" என்றால், "நீங்கன்னு நெனச்சேன் சார்" என்கிறாள். திருப்பி வைப்பேன். மறுபடியும் அப்படியே நிற்கும்.

ஒரு நாள் காலை, கூட்டம் வராத நேரம். பொம்மைகளின் தோளில் தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன், அதாவது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஆளுயரக் கண்ணாடியில் ஒருவன் பொம்மையை இடுப்போடு அணைத்து உள்பக்கமாக மெல்லத் திருப்புகிறான். யாருடா இவன், என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்று உற்றுப் பார்த்தேன். நான்தான் மச்சான். என் கைகள் எனக்குத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தன. கூப்பிட்டுச் சொன்னால், அந்தப் பெண் முகம் வெளுத்து, "நானும் நேத்து இப்படித்தான் சார், பொம்மையைத் திருப்பிக்கிட்டிருக்கிறப்போ முழிச்சேன். பயந்துட்டு சொல்லல" என்றாள்.

இனிமேல் பொறுக்கக் கூடாது என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் ஓங்கினேன். ஓங்கின கையோடு, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன்! என் வாய் சொன்னதை என் காது கேட்டதும் சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது. திரும்பிவிடுமோ என்று வேறு பயம். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த உங்கள் தங்கை, கேரியரைத் தரையில் வைத்துவிட்டுக் குறுக்கே வந்து நின்றாள். "உடைக்காதீங்க. அண்ணன் தொண்டைக்கு நான் இங்கதாங்க அழுதேன்" என்றாள்.

"சபையே உபவாசம் இருந்துச்சே!"

"நானுந்தான் இருந்தேன். அங்க அழுதா, என்ன ஏதுன்னு சபை முன்னாடி சாட்சி சொல்லக் கூப்பிடுவாங்க. இங்க யாரும் ஒண்ணும் கேக்கல. அண்ணனுக்குப் பேச்சு போயிடக் கூடாதுன்னு மட்டும் சொன்னேன். நீங்க தெனமும் வாயில குண்டூசியோட பொம்மை முன்னாடி முட்டி போட்டு ஓரம் மடிக்கிறீங்க, உங்களை யாராவது என்னன்னு கேட்டாங்களா?"

மடிக்கச் சொல்லலாம் என்றால் இவளிடம் சட்டையும் இல்லை. ஆகையால் மச்சான், சனிக்கிழமை நீங்களே வந்து உங்கள் கையால் உடைத்துவிடுங்கள். தப்பிப் பிழைத்த அந்தக் குரலால் உங்கள் தங்கைக்கும் நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள். அந்தக் குரல் யாரால் தப்பியது என்பதை மட்டும் அவளிடம் விவாதிக்க வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். சமாதானக் கர்த்தர் உங்கள் வாசலையும் தொண்டையையும் காப்பாராக.

இப்படிக்கு,
நீங்கள் நீக்குகிறவரை சபை மூப்பனும், யாரும் நீக்க முடியாத உங்கள் தங்கை வீட்டுக்காரனும்.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது வியாபாரி போன் எடுத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "சுரூபமா? கல்யாணக் கவுன் கடை வாசல்ல நின்ன மணப்பொண்ணு பொம்மை சார் அது. முக்காடு இல்ல, கல்யாண வலை. கை நடுவுல பூங்கொத்து சொருகுவாங்க" என்றார். ஆகவே விக்கிரகமும் இல்லை, பாவமும் இல்லை, என் மூப்பர் பதவிக்கும் பங்கமில்லை. நீங்கள் வரவே வேண்டாம். துள்ளிக் குதித்துப் போய் உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நேரே கடைக்கு வந்து, அந்தப் பொம்மையின் கைகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். பூங்கொத்துக் காம்பு நிற்கிற ஓட்டை இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம் போல, "அப்போ நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டிருந்தது யாருங்க?" என்றாள்.

சனிக்கிழமை வந்தே விடுங்கள் மச்சான். சுத்தியல் வேண்டாம்.