ஆறாவது விரலும் அலம்பிய ட்யூப்களும்

திருவள்ளூர்

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு அடியேன் வேங்கடேசன் தெண்டனிட்டு எழுதும் விண்ணப்பம். இங்கு பெருமாள் கிருபையில் என் ரத்த அழுத்தம் நீங்கலாக எல்லாம் சௌக்கியம்.

தாங்கள் கொண்டுவந்த செகந்திராபாத் சம்பந்தம் முறிந்துவிடும் போலிருக்கிறது. பெண் பார்க்க வந்த பையன் ரகுநந்தன் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன் அல்லவா, ஜாதகத்தைத் தொடவே இல்லை. இரண்டு ட்யூப்களை எடுத்து, "ரெண்டு பேரும் இதுல எச்சில் துப்பினா போறும் மாமா, மரபணு முழுக்கப் படிச்சிடலாம்" என்றான். பஜ்ஜித் தட்டுக்கு எதிரே அவனும் நம் மிருதுளாவும் துப்பினார்கள். கூரியர் மறுநாள்தான் என்பதால் ஃப்ரிட்ஜில் வைக்கப் போனேன். என் சகதர்மிணி செங்கமலவல்லி வழிமறித்தாள். "பெருமாளுக்குப் பால் இருக்கற இடத்துல எச்சிலா? நன்னாயிருக்கு!" சரியென்று ட்யூப்களைக் கொல்லையில் நன்றாக அலம்பினேன். பெயர் எழுதிய லேபிள்கள் உரிந்து வந்துவிட்டன. காயவைத்துப் பழையபடி ஒட்டி, பக்கத்து வீட்டு எபினேசரின் ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோனேன். "இன்னா சார் இதுக்குப் போயி, வெச்சிட்டுப் போ, மீனு பக்கத்துல இருக்கட்டும்" என்றார். தங்கமான மனுஷர்.

அறிக்கை வந்தது. மரபணுவின் முந்நூறு கோடி எழுத்தில் மிருதுளாவுக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். இருவருக்கும் அதே மாற்றம் இருந்தால்தான் குழந்தைக்கு ரத்த வியாதி வரும், பையனுக்கு இல்லாததால் பயமில்லை என்று அவனே சொல்லிவிட்டான். அவன் தகப்பனார்தான் 'யோசித்துச் சொல்கிறோம்' என்று எழுதியிருக்கிறார். என்ன யோசனை வேண்டிக் கிடக்கு? கும்மிடிப்பூண்டி உருக்காலையில் கம்பிக்குத் தரம் பார்த்தே தலை நரைத்தவன் நான், குறையே இல்லாத கம்பியை ஒருநாளும் பார்த்ததில்லை! வயிறு எரிகிறது அத்திம்பேர்.

மிருதுளாவோ கவலையே படாமல், பள்ளிப்பட்டுப் பக்கம் தான் ஆராய்ச்சி செய்யும் பழைய மண்டபத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள். அங்கே ஒரு தூணில் ஆடுகிற பெண்ணுக்கு இடது கையில் ஆறு விரல். "சிற்பி தப்புப் பண்ணிட்டானோ?" என்றேன். "நகம் வரைக்கும் செதுக்கினவனுக்கு எண்ணத் தெரியாதாப்பா? எதிர்ல நின்னவளுக்கு ஆறு விரல். அவளை அப்படியே பார்த்திருக்கான்" என்றாள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கல்தச்சனுக்கு இருந்த மனசு இந்தக் காலத்துச் சம்பந்திக்கு இல்லையே!

ஆகவே தாங்கள் நேரில் போய், ஓர் எழுத்துக்காக ஒரு பெண்ணை ஒதுக்குவது மனுஷத்தனமா என்று நறுக்கென்று கேட்டுவிட்டு வரவும். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வேங்கடேசன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ரகுநந்தனே வந்து நிற்கிறான். மிருதுளாவின் அறிக்கையில் 'ஆண்' என்று போட்டிருக்கிறதாம். லேபிளை நான் மாற்றி ஒட்டிவிட்டேன். எழுத்து மாறியிருப்பது அவனுக்குத்தான். ஆகவே தாங்கள் அவசரப்பட்டுப் போக வேண்டாம். நாமும் பெண்ணைப் பெற்றவர்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று மட்டும் தெரிவிக்கவும். இதைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்த மிருதுளா, "அவரோட அப்பாவும் இதையேதாம்ப்பா எழுதினார்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ரகுநந்தனோடு மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவனுக்கு அந்த ஆறு விரலைக் காட்டணுமாம்.